பாட்டுக்கு பீஸ் ரேட்

சரவணக்குமார் நான்கு வருடங்களில் பதினொரு பாடல்களை இசைச் செயலிகளில் ஏற்றியிருந்தான். எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்டார்கள். பெரு நாட்டில் ஒருவர் தினமும் கேட்டார். எல்லோரும் கேட்டதற்குச் சேர்ந்து நூற்று எண்பது ரூபாய் காட்டியது. அதையும் இப்போதைக்கு எடுக்க முடியாது.

தை பிறப்பதற்குள் நாளுக்கு முந்நூறு ரூபாயாவது பாட்டில் வர வேண்டும். இல்லையென்றால் மனைவி ஜெயபாரதியின் அண்ணன் வேல்குமாரின் அயர்னிங் யூனிட்டில் சேர்ந்துவிட வேண்டும். அவளிடம் அப்படி ஒப்புக்கொண்டிருந்தான். கார்த்திகை பாதி போய்விட்டது.

ஜெயபாரதி தனபாலின் பனியன் கம்பெனியில், தைத்து வருவதில் குறை பார்த்துப் பிரிக்கும் செக்கிங்கில் இருந்தாள். அங்கே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடுவதற்கு லைசென்ஸ் கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. அவள் கணவனைக் கூட்டிப்போய் முதலாளி முன்னால் நிறுத்தினாள்.

"ராயல்டியெல்லாம் நமக்குப் பிடிபடாது தம்பி. பீஸ் ரேட் பேசிக்கலாம். ஒருக்கா ஓடுனா மூணு ரூபா" என்றார் தனபால்.

சரவணக்குமார் உடனே தலையை ஆட்டினான். இசையைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் அவனிடம் பேசியதில்லை.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்று எட்டு மணி நேரம் திரும்பத் திரும்ப ஓடியது. முந்நூற்று அறுபது ரூபாய். மூன்றாம் நாள் டெய்லர்களின் சார்பாக லிங்கசாமி வந்தார்.

"பாட்டு நல்லாருக்குதுங்க. கால் தானா அதுக்குத்தான் மிதிக்குது. கொஞ்சம் ஓட்டமா இருந்தா இன்னும் பத்து உருப்படி தெச்சுப் போடலாமுங்க."

டெய்லர்களுக்குத் தைத்த கணக்குக்குக் கூலி. சரவணக்குமார் பாட்டை மூன்று நிமிடமாக இறுக்கினான். சுருங்கிய பாட்டு அதிக தடவை ஓடும் என்பதை அவனும் யோசிக்காமல் இல்லை. தனபாலும் யோசித்திருந்தார்.

"சின்ன சைஸுக்குப் பெரிய சைஸ் ரேட்டாப்பா? ரெண்டு ரூபா."

அப்படியும் முந்நூற்று இருபது வந்தது. ஆனால் செக்கிங் பெண்களுக்கு ஷிப்ட் சம்பளம். எத்தனை பீஸ் பார்த்தாலும் அதே காசு. தைத்தது மலையாக வந்து மேசையில் விழுந்தது. வேகப் பாட்டு வந்த நான்காம் நாள் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஜெயபாரதி.

"நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று அன்று மாலை கேட்டான்.

"ஊட்டுல நான் உங்க பொண்டாட்டிங்க. அங்க நான் செக்கிங்."

தனபால் சமாதானம் செய்தார். ஒரு பாட்டு, அடுத்த மூன்று நிமிடம் சும்மா, பிறகு ஒரு பாட்டு. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சரவணக்குமாரின் வருமானம் நூற்று அறுபதாக நின்றது. வேல்குமார் போனில் புது அயர்ன் பாக்ஸ் ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

இரண்டு நாள் அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பென்டிரைவோடு போனான். தனபால் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே தம்பி."

"நீங்க சும்மா உடறீங்களே, அந்த மூணு நிமிசமுங்க. ஸ்பீக்கர் இரைச்சல் கூட வராம சுத்தம் பண்ணியிருக்கறனுங்க."

"சத்தமே இல்லாததுக்குக் காசா?"

"பிளெயின் பீஸுங்க. பிரிண்ட் அடிக்கலீன்னா துணிக்கு வெலை இல்லாம போயிருமாங்க?"

முப்பது வருடமாகப் பனியன் தொழிலில் இருப்பவர் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "பிரிண்டிங் சார்ஜை மட்டும் கழிச்சுக்கறேன்" என்றார் கடைசியில். "ஒண்ணே முக்கா."

பாட்டும் அதுவும் சேர்ந்து நாளுக்குச் சரியாக முந்நூறு ரூபாய் ஆனது.

மார்கழிக் கடைசியில் வேல்குமார் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங் மாப்ள, தை ஒண்ணாந்தேதி வந்தர்றீங்களா?"

"முந்நூறு வருதுங்கண்ணா" என்றாள் ஜெயபாரதி.

வேல்குமாருக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்படி என்ன பாட்டு அது? போடுங்க, கேப்போம்."

சரவணக்குமார் ஓட்டமான பாட்டைத் தேடிக்கொண்டிருந்தான். ஜெயபாரதி போனை வாங்கி மற்றதைப் போட்டாள். மூவரும் மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். வேல்குமார் முதலில் போனைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் முடிந்ததும். "யூனிட்ல ஸ்டீம் சத்தத்துல காதே போவுது. அங்கயும் ஒண்ணு போட்டுக் குடுங்க மாப்ள. சொந்தக்காரங்களுக்கு என்ன ரேட்டுங்க?"

சரவணக்குமார் கூச்சத்தோடு தலையைக் குனிந்தான்.

"அண்ணா, உங்குளுது பெரிய யூனிட்டு" என்றாள் ஜெயபாரதி. "ரெண்டு ரூபாயுங்க."