சக்கை மேடு

சுரங்கக் கல்லூரியில் துறைத்தலைவரை எதிர்த்துப் பேச ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவருடைய மருமகள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தார்; அவர் துறையிலேயே ஆசிரியையாகச் சேர்ந்த இரண்டாம் வருடம் புதுப் பாடம் ஒன்றோடு வந்து நின்றாள். தோண்டி எடுத்ததை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம். இன்று மாலைக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் பாடம் அவ்வளவுதான்.

காலையில் வீட்டிலேயே கேட்டுவிட்டார். "தோண்டக் கத்துக்க வர்ற பசங்களுக்குக் குப்பை பொறுக்கவா கத்துக் குடுக்கப் போற?"

"ஒரே ஒரு வகுப்புக்கு வந்து பாருங்க மாமா. அப்புறம் கிழிச்சுப் போடுங்க."

போனார். ஆய்வுக்கூட மேசையில் இரண்டு கிண்ணங்கள், இரண்டிலும் சாம்பல் நிறப் பொடி. ஒன்று இப்போது சுரங்கத்தில் வெட்டும் செம்புத் தாது, மற்றது எப்போதோ செம்பை எடுத்துவிட்டுக் கொட்டிய சக்கை. எது தாது என்று சார் சொல்ல வேண்டுமாம்.

"முப்பது வருஷமா மண்ணைப் பார்க்கிறவன் கண்ணுலயே மண்ணைத் தூவப் பார்க்கிறியா?"

விரலால் தேய்த்தார். பச்சைப் பொட்டுகளை லென்ஸில் பார்த்தார். இடப்பக்கக் கிண்ணத்தைத் தட்டி, "இதுதான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு மாணவி சோதனை முடிவை வாசித்தாள். சார் தட்டியது சக்கை. அதில் இருந்த செம்பு, தாதுவில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு.

"ஆத்தோரத்துப் பழைய மேட்டுல எடுத்தோம் சார். இன்னொரு மலையை உடைக்கிறதுக்கு முன்னாடி இதை எடுத்தா என்ன? எந்தப் புத்திசாலி கொட்டினானோ!"

வகுப்பு சிரித்தது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மேட்டுக்குப் பக்கத்துச் செம்பு ஆலையில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி வீட்டில் அவர் அளக்காத நாளில்லை. கொட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமனார் மூக்கு உடைந்திருக்கும். அவளோ அவசரமாகக் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேச்சை மாற்றப் பார்த்தாள். இவ்வளவு கெட்டிக்காரி, அதற்கு மேல் இவ்வளவு பெரிய மனசா! அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நான்தாம்மா கொட்டினேன்" என்றார் மாணவியிடம். "அப்போ நான் அந்த ஆலையில எஞ்சினீயர். சக்கைன்னு எழுதினதும் நான்தான். அப்புறம் ஒரு நாள்கூடத் திரும்பிச் சோதிச்சுப் பார்க்கத் தோணலை."

பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கினார். 'விருப்பப் பாடம்' என்றிருந்ததை அடித்து, 'கட்டாயப் பாடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"முதல் வகுப்பை மட்டும் என்கிட்ட விடும்மா" என்றார் மருமகளிடம். "தப்பு எங்க நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."