சிக்னல் கிடைக்கும் வளைவு

சுற்றுலா வருகிறவர்களுக்கு டிரைவரும் நானே, கைடும் நானே. இந்த மலைச்சாலையில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில்தான். அங்கே காரை நிறுத்தி, "இறங்கிப் பாருங்க சார், நல்ல இடம்" என்பேன். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பாறை, ஒரு மொட்டை மரம். அதையும் விழுந்து விழுந்து படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டுக்காரிக்குப் போன் போடுவேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டால், "நீங்க ஊர் சுத்துங்க. நான் தின்னா என்ன, தின்னாட்டி என்ன" என்பாள். அந்தத் திட்டு காதில் விழாமல் எனக்கு மேற்கொண்டு வண்டி ஓட்ட வராது.

மழைக்காலத்தில் அவள் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அந்த வளைவில் நான் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

இன்றைக்கு வந்த புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் விடவில்லை. "அந்தப் பாறை வளைவு எங்கண்ணா? போன வருஷம் எங்கக்கா உங்க வண்டியிலதான் வந்தா. கண்டிப்பா பாக்கணும்னு சொல்லி அனுப்பினா" என்றாள் பெண்.

"அங்க ஒரு மண்ணும் இல்லம்மா."

"பரவால்ல, நிறுத்துங்கண்ணா."

எரிச்சலோடு நிறுத்தினேன். இருவரும் பாறைமேல் ஏறி நின்று சிரித்தார்கள். பழக்க தோஷம், போன் என் கைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்த மாப்பிள்ளை, "இங்க சிக்னல் கிடைக்குதாண்ணா?" என்றான்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

"நல்லா கிடைக்கும் தம்பி. யார்கிட்டயாவது பேசணும்னா இப்பவே பேசிடுங்க."