முள்ளில்லாத கிளை

எனக்கும் என் ஓரகத்தி பாலம்மாளுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் பக்கம் கொடி ரோஜா ஏறிக் கிடக்கிறது. என் பக்கம் சுண்ணாம்பு உதிர்கிறது.

அவள் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வரும்போது பெங்களூர் நர்சரியில் வாங்கிவந்த ஒட்டுச்செடி அது. பெயர் எழுதிய அட்டை ரயிலிலேயே கிழிந்துபோனதாம். சும்மா விட்டால் புதராக நிற்கும், சுவரில் கட்டிவிட்டால் ஏறும், ஒரு சுற்றுப் பூத்து உதிர்ந்ததும் அடுத்த சுற்றுக்கு மொட்டு வைக்கும் என்று நர்சரிக்காரன் சொல்லியிருக்கிறான். செட்டியார்பட்டியில் அதைக் கேட்டு முதலில் சிரித்தவள் நான்தான். செடி சித்திரை வெயிலிலும் பூத்தது.

பூத்துத் தொலையட்டும். என் மகள் மாரிச்செல்வி ஏன் அங்கே போக வேண்டும்? நான் ஏழு மணிக்கெல்லாம் இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜுக்குப் போகிற அவள், நான் கிளம்புமுன்பே சீப்பை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளையில்லாத பாலம்மாள் உட்காரவைத்துத் தலைபின்னி, ஒரு ரோஜாவைச் செருகி அனுப்புவாள். சாயங்காலம் வாடிய பூவோடு வரும் மகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அதே பூ என் சுவரிலும் பூத்தால் பிள்ளை வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் பாலம்மாளிடம் போய்க் கை நீட்ட என்னால் ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆண்டாள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகப் போனேன். அடிமரத்திலிருந்து ஒரு கிளை கட்டைவிரல் தண்டி, முள்ளே இல்லாமல், மற்றதையெல்லாம் தாண்டி நின்றது. திருடுவதுதான் திருடுகிறோம், நல்லதாக எடுப்போம் என்று அதையே அரிவாளால் அறுத்தேன். எங்கள் அப்பா முருங்கை வெட்டினால் வெட்டுவாயில் சாணி அப்பித் துணி சுற்றுவார். அதே பழக்கத்தில் நானும் சாணி அப்பி, கம்பெனித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன்.

கிளை என் வீட்டில் வேர்பிடித்தது. ஆறு மாதத்தில் சுவரைத் தாண்டியது. முட்டை ஓடு, வெங்காயத் தோல், டீத்தூள் எல்லாம் போட்டேன். இலையாக விட்டதே தவிர ஒரு மொட்டு இல்லை. அவள் செடியோ அதற்குப் பிறகு கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளியது.

போன வாரம் பாலம்மாள் பிளேடும் பிளாஸ்டிக் நாடாவுமாக வந்தாள். பின்னாலேயே என் மகள்.

"ஏட்டி வெங்கடேஸ்வரி, இது காட்டு ரோஜாட்டி. பூக்காது. ஒட்டுக் கட்டுன இடத்துக்குக் கீழே, அடிவேருல இருந்து முளைச்சது. என் செடிச் சத்தை அம்புட்டையும் இதுதான் குடிச்சுச்சு. நீ அறுத்தது நல்லதாப் போச்சு."

"நான் எங்க அறுத்தேன்?"

"சாணி அப்பி பேண்டேஜும் கட்டிட்டு வேற எவ போவா?"

மகள் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள். அவளை அங்கேயே அறைந்திருப்பேன்.

"பிடுங்கிப் போட்டுருதேன்" என்றேன்.

"எதுக்கு? வேரு நல்ல வேரு. என் செடியில ஒரு முளைக்கண்ணைச் சீவி எடுத்து இதுல ஒட்டுக் கட்டுதேன். மூணு மாசத்துல பூக்கும்."

வேர் என்னுடையது, தண்ணீர் என்னுடையது, பூ அவளுடையது. மகள் கதையும் இப்படித்தானே ஆகிவிட்டது.

"வேண்டாம்."

"கேட்டிருந்தா அன்னைக்கே நல்ல கிளையாத் தந்திருப்பேன்ட்டி."

"எம்பிள்ளைய மட்டும் நீங்க எங்கிட்டக் கேட்டுட்டா எடுத்துக்கிட்டீய?"

சொன்ன பிறகுதான் நான் அழுவது தெரிந்தது. பாலம்மாள் பிளேடைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனையோ நாள் நான் பார்க்க ஆசைப்பட்ட முகம். பார்த்தபோது சந்தோஷமாக இல்லை.

மகள்தான் பேசினாள். "நான் சீப்பை எடுத்துக்கிட்டு உன்னையத் தாண்டித்தான் தெனமும் போறேன். ஒரு நாளாவது, 'வா, நான் பின்னி விடுதேன்'னு கூப்பிட்டியாம்மா?"

கூப்பிடவில்லை. பெற்ற பிள்ளையிடமும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்கு எந்திரி" என்றேன். "தலை பின்னணும்."

"சரிம்மா."

பாலம்மாள் பக்கம் திரும்பினேன். "அக்கா, எந்த இடத்துல வெட்டணும்?"

பாலம்மாள் பிளேடை எடுத்தாள். கிளையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். நான் கிளையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.