ஐ ஆம் செக்கிங் எவ்ரி பீஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிக்கு இரும்பு வளையம் கடைந்து கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் ஒரு வாரமாக ஒரே இங்கிலீஷ்தான். ஆர்டர் கொடுக்கும் ஜெர்மன்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். ஒவ்வொருவரிடமும் நின்று, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாராம். சூப்பர்வைசர் எத்திராஜ் ஆளுக்கொரு வாக்கியம் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"கையில இன்னா வேல நடந்துகினு கீதோ, அத்தோட ஒரு 'இங்' சேத்துக்கோ. அவ்ளோதான் இங்கிலீஷு."

லேத் ஓட்டும் வினோத் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே "ஐ ஆம் மிக்சிங்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மோகனப்பிரியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆவடியிலிருந்து ஆறு வருஷமாக கான்ட்ராக்டில் வந்துபோகிறவள். இந்த மாசம் பர்மனன்ட் லிஸ்டில் அவள் பேர் இருந்தது. "அந்தாளு கிட்ட திக்காம சொல்லிடு மோகனா, கன்ஃபார்ம்தான்" என்று எத்திராஜே சொல்லியிருந்தார்.

அவள் வாக்கியம்: 'ஐ ஆம் செக்கிங் எவ்ரி பீஸ், சார்.'

சங்கடமே அதில்தான். வளையத்தின் துளைக்குள் அளவுக்கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். போனால் பச்சை ட்ரே, முட்டினால் சிவப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஷிப்டுக்கு நானூறு தேறும். கம்பெனி கேட்பதோ எண்ணூறு. அதனால் இருபதுக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பச்சையில் தள்ளிவிடுவாள். இது எத்திராஜுக்கும் தெரியும், மேலே இருப்பவர்களுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரர் வந்தார். எல்லோரிடமும் ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு, அடுத்த மேசை. மோகனப்பிரியாவும் திக்காமல் சொல்லிவிட்டாள். மனுஷன் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்? ஒவ்வொன்றாக எடுத்தாள். நாலு பச்சைக்குப் போனது. ஐந்தாவது முட்டியது. பின்னால் எத்திராஜ் கனைத்தார். பச்சையிலேயே போட்டுவிடலாம், விரலுக்கு அது பழகின வேலைதான். ஆனால் இவ்வளவு நம்பிக்கையோடு ஒருவர் எதிரில் நிற்கும்போது அவளுக்குக் கை வரவில்லை. சிவப்பில் போட்டாள். ஒன்பதாவதும் சிவப்பு.

அவருக்கு ஏக சந்தோஷம். "எவ்ரி டே லைக் திஸ்?" என்று கேட்டார்.

அதற்கு அட்டையில் பதில் இல்லை.

"நோ சார். ஐ ஆம் செக்கிங் டுடே ஒன்லி, சார்."

ஜெர்மன்காரர் எத்திராஜைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு இங்கிலீஷ் வராது, உளறுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எத்திராஜ் தப்பித்திருக்கலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "யெஸ் சார், ட்ரூ" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கே தேடி வந்தார் எத்திராஜ்.

"லிஸ்ட்ல உன் பேர அடிச்சிட்டாங்கம்மா."

"உங்கள இன்னாண்ணா சொன்னாங்க?"

"இன்னா சொல்லுவாங்கோ, கிழிகிழின்னு கிழிச்சாங்கோ. அத்த வுடு. நாளைலேர்ந்து டார்கெட்டு நானூறு. அப்பதான் சரக்கு எடுப்பேன்னுட்டான் அந்தாளு."

ஆறு வருஷம். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஸ்டாப்பில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதாள்.

பஸ் வந்ததும் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நானூறுன்னா எல்லாத்தையும் பாத்துரலாம்ணா."