இடியப்ப உரலில் பிழிந்த போர்தோ

போர்தோ வைனை இடியப்ப உரலில் பிழிந்த மனிதன் இந்தப் பூமிப்பந்திலேயே தான் ஒருவன்தான் என்றார் தியாகலிங்கம். அதுவும் முந்நூறு கிலோ, ஒரே மத்தியானத்தில், நடுவில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மனைவியின் தம்பி இராஜரட்ணம். அத்தானின் புளுகைக் கேட்பதற்கென்றே டோர்செட் பார்க்கிலிருந்து ஸ்ரௌவ்விலில் இருக்கும் அத்தான் வீடு வரை கார் ஓடி வருகிறவர்.

"போன கிழமை ஐம்பது கிலோ குறைவாச் சொன்னீங்கள், அத்தான்."

உண்மையில் பதினெட்டுக் கிலோ. தேத்தண்ணி இரண்டு. ஆனால் உரல் மட்டும் சத்தியம்.

கார்த் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு தியாகலிங்கத்துக்கு வைன் பித்துப் பிடித்தது. இரண்டு வீடியோ பார்த்ததும் பிரெஞ்சுக்காரருக்கே வகுப்பெடுக்கலாம் என்று தோன்றிவிட்டது. போர்தோவுக்கு ஒரு வகைத் திராட்சை போதாது. எலும்புக்குக் கபர்னே சோவினியோன், சதைக்கு மெர்லோ, வாசத்துக்குக் கபர்னே ஃப்ராங். மூன்றையும் தனித்தனியாக நசித்து, தோலோடு புளிக்கவிட்டு, பிழிந்து, மாதக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில்தான் கலக்க வேண்டும். நயாகராத் திராட்சைப் பெட்டிகளாலும் வைன் பீப்பாவாலும் கராஜ் நிறைந்தது. மகள் மயூரியின் பிள்ளைப்பேற்றுக்கு ஒட்டாவா புறப்பட்ட மனைவி மங்கையற்கரசி ஒரேயொரு சட்டம் போட்டார்.

"என்ர குசினிச் சாமான் ஒண்டு கராஜுக்குள்ள போனாலும், உந்தப் பீப்பா வீட்டை விட்டுப் போகும்."

மெர்லோவும் ஃப்ராங்கும் வாடகை மெசினில் ஒழுங்காகப் பிழிபட்டன. சோவினியோனுக்கு வந்தபோது தியாகலிங்கம் தன் வயதை மறந்து ஒரு முறுக்கு முறுக்க, திருகு உடைந்தது. தோலை மேலும் ஊறவிட்டால் கயர்ப்பு ஏறிவிடும். குசினியில் இடியப்பம் பிழியும் மர உரல் சும்மா இருந்தது. பிடிபிடியாகப் போட்டு அமுக்கினார். பிறகு ஏழு தரம் கழுவி, எடுத்த இடத்திலேயே, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல வைத்துவிட்டார்.

இப்படியொரு சாதனையை ஒருவருக்காவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி இராஜரட்ணத்திடம் கொட்டினார். நடக்காத விசயத்தை அக்காவிடம் ஏன் சொல்லப்போகிறேன் என்றார் இராஜரட்ணம். குளிர்காலம் முழுக்க அந்த வார்த்தை தியாகலிங்கத்தை அரித்தது.

சித்திரையில் மங்கையற்கரசி திரும்பி வந்தார். தியாகலிங்கம் இருமல் மருந்து மூடியால் அளந்தளந்து கலந்து, பதினோராவது கலவையில் கண் மூடிச் சொக்கினார்: ஆறு பங்கு மெர்லோ, மூன்று சோவினியோன், ஒன்று ஃப்ராங். முதல் பத்தையும் துப்பாமல் விழுங்கியதால் பதினோராவது அமிர்தமாயிருந்திருக்கவும் கூடும்.

அந்தச் சனிக்கிழமை இராஜரட்ணம் விருந்துக்கு வந்தார். இரண்டாவது கிளாஸைத் தானே வார்த்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை. அப்போது மங்கையற்கரசி இடியப்பத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் கத்தரிப்பூ நிறம்.

"நான் வெள்ளை மாதான் குழைச்சனான். இஞ்சேருங்கோ, என்ர உரலுக்கு என்ன நடந்தது?"

தியாகலிங்கம் மாவைக் குறை சொன்னார். குழாய்த் தண்ணியைக் குறை சொன்னார். வாய் வறண்டதும் மச்சானைப் பார்த்தார். ஆறு மாதமாக எதையும் நம்பாத மனிதன், இன்னும் அரை நிமிடம் நம்பாமல் இருந்தால் பீப்பா தப்பிவிடும்.

இராஜரட்ணம் ஒரு இடியப்பத்தை எடுத்து மணந்து பார்த்தார். கிளாஸையும் மணந்து பார்த்தார். கை கூப்பாத குறையாக அத்தான் பக்கம் திரும்பி, பிறகு அக்காவிடம் சொன்னார்:

"நான்தான் பிழையா நினைச்சுப்போட்டன், அக்கா. அத்தான் உந்த உரலிலதான் பிழிஞ்சவர். உண்மையாவே நடந்திருக்கு."