நீர்வேலியின் சரியான அளவு

“ஒரு கிழமையாக் குரக்கன் கஞ்சியும் முருங்கையிலையும்தான், பிள்ளை! பிறகேன் என்ரை இரத்தம் வேண்டாமெண்டுறீர்?” என்று பஞ்சலிங்கம் கத்த, “அதுதான் ஐயா பிழை! உது பாடமாக்கிக்கொண்டு வந்து எழுதுற சோதினை இல்லை!” என்று இரத்தம் எடுக்க வந்த பெட்டையும் குரலை உயர்த்த, “அப்ப மானிப்பாய் ஊராரிட்டை எங்கடை நீர்வேலி தோக்கிறதோ?” என்று அவர் மேசையில் அடிக்க, சனசமூக நிலையத்து வரிசையில் அடுத்த ஆளாக நின்ற குணலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்... மானிப்பாயாரின் இரத்தத்திலை கொழுப்பின் அளவு கூடவாம், நாங்கள் வாயைக் கட்டவேணும் என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கதை கொண்டுபோனது யார், இவள்தானே, ஊரே ஒரு கிழமையாக வடையை மறந்து ஆட்டுக்குட்டி மாதிரி இலை தின்றதே, பார்க்க எவ்வளவு சந்தோசமாக இருந்தது... பெட்டை விளங்கப்படுத்தினாள், இதுவரை வெள்ளைக்காரரின் அளவை வைத்துத்தான் எங்களையும் பார்த்தார்களாம், நோய் வருத்தமில்லாத, மருந்து குடிக்காத எங்கடை சனம் வழமைபோலச் சாப்பிட்டால், கொழுப்பைச் சுமக்கிற அந்தப் புரதம், அபோலிப்போ என்று தொடங்கிப் பல்லில் சிக்குகிற பெயர், எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தால்தான் யாருக்கு மாரடைப்பு வரப் பார்க்கிறது என்று சொல்லலாமாம். “மூண்டு கிழமை வழமையாச் சாப்பிட்டிட்டு வாங்கோ. மருந்துக் குளிசை ஏதும் பாவிக்கிறனீங்களோ?” “என்ரை பரம்பரையிலையே இல்லை!” அதைச் சொல்லும்போது பஞ்சலிங்கம் ஏன் திரும்பி இவளைப் பார்க்கவேண்டும்?

ஏனென்றால் அவருடைய மகன் சிவரூபனுக்கும் இவளுடைய மகள் சாருஜாவுக்கும் சாதகம் பொருந்தியாயிற்று, வெள்ளிக்கிழமை நாள் வைக்கிறது, மனிசன் கேட்டது ஒன்றே ஒன்று, உங்கடை பக்கத்திலை நெஞ்சுவருத்தம் ஒண்டும் இல்லைத்தானே, இவளும் சீச்சீ என்றாள், அந்தச் சீச்சீயைச் சொன்ன அன்றைக்கும் பெருங்காய டப்பாவுக்குள் கொலஸ்ட்ரோல் குளிசை பதினாறு கிடந்தது... இரண்டு வருடமாக பஸ் ஏறி ரவுண் மருந்துக்கடைக்குப் போய், குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு வாங்குகிற குளிசை. “அம்மா, நீங்கள் குளிசை ஏதும்...?” கதிரையில் எப்போது வந்து உட்கார்ந்தாள்? சுற்றிவரத் துணி மறைப்பு, துணி கண்ணை மறைக்கும், காதை மறைக்குமா, வெளியே பஞ்சலிங்கம் செருப்புத் தேடுகிறார், ஒரு செருப்பைத் தேட இவ்வளவு நேரமா... இல்லையென்று சொன்னால் முடிந்தது. சொன்னால், குளிசை குடித்துக் கொழுப்புக் குறைந்த இந்த இரத்தமும் ஊரின் சரியான அளவுக்குள் போய்ச் சேரும், நாளைக்கு என்ரை பிள்ளையின் இரத்தத்தை என்ரை பொய்யோடு வைத்தா அளப்பது, ஒன்றுமில்லாதவளை வருத்தக்காரி என்பார்களே... எத்தனை வீட்டுக் கதையைச் சந்திக்குக் கொண்டுபோன வாய், சொந்தக் கதைக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? “ஓம் பிள்ளை. கொலஸ்ட்ரோலுக்கு. ரெண்டு வருசமா.”

செருப்புச் சத்தம் நின்றது. சம்பந்தம் போயிற்று, சாருஜா என்ன சொல்வாள்... துணி விலகிப் பஞ்சலிங்கத்தின் தலை உள்ளே வந்தது. “பிள்ளை, என்ரை பேப்பரிலை இல்லையெண்டு எழுதினதை ஒருக்கா வெட்டிவிடும். எனக்கும் உதே குளிசைதான்.” “அட அண்ணை, எங்கை ஒளிக்கிறனீங்கள்?” என்றாள் குணலட்சுமி. “சாமிப்படத்துக்குப் பின்னாலை.” வரிசையில் யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரிக்க, பத்மாசினி தனக்குப் பிறசர் என்றாள், தியாகலிங்கம் தனக்குச் சீனி வருத்தம் என்றார், முப்பத்தொரு பேரில் மருந்து குடிக்காதவர்களாக ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள், மிச்சப் பேர் வெட்கமில்லாமல் தேத்தண்ணிக் கடைக்குப் போய் ஒரு கிழமை வடையை ஒரே காலையில் தின்றார்கள். ஆவணியில் கலியாணம் முடிந்தது, சிவரூபனின் வேலை மானிப்பாயில், ஆகவே சாருஜாவும் மானிப்பாய்க்குத்தான், எந்த ஊரைத் தோற்கடிக்கக் குரக்கன் குடித்தார்களோ அந்த ஊருக்கே. நேற்று மகள் போனில், “இஞ்சை ஒரு புதினமும் இல்லையம்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒன்றுமில்லாததற்கு ஏன் சிரிப்பு? குணலட்சுமி பெருங்காய டப்பாவைத் திறந்தபடி நின்றாள்... ஊரிலுள்ள ஒருத்தருடைய குளிசையும் எனக்குத் தெரியாமல் போச்சே, இப்ப என்ரை மகள் எந்த டப்பாவுக்குள்ளே எதை வைத்திருக்கிறாள்?