ஸ்டான்லி சாரோட திட்டு

கேசியா பண்ணின வேலை இருக்கே, பகையாளி கூடப் பண்ணமாட்டான். திருப்பதியில நர்ஸ் டியூட்டி முடிச்சு பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தப்ப போன்ல ஒரு ஆடியோ வந்தது. "அன்பான பிள்ளைகளே..." அவ்வளவுதான், உருகிட்டா. சித்தூர் மிஷன் ஹாஸ்டல்ல அவளை வளர்த்த வார்டன் ஸ்டான்லி சாரோட குரல்! இருபது வருஷத்துக்கு முந்தின விடிகாலை மணி காதுல அடிச்சது, ராகி சங்கட்டி, அதான் கேழ்வரகுக் களி வாசனை மூக்குல ஏறிச்சு. மீதியைக் கேக்காமலே, "நம்ம சார் பேசறாரு, கேளுங்க"ன்னு சித்தூர் சர்ச் சபையோட போன் குரூப்புக்கு அனுப்பிட்டா.

ஆரம்பம்தான் தேன், மீதி அத்தனையும் விஷம். "குடிபாலா ஊர்ல இருந்து நம்ம சபைக்கு வர்ற ஆளுங்களுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்துல ஒரு அடி நிலம் கொடுக்காதீங்க"ன்னு கத்துது. சாரோட ஜெப வீடியோவுல இருந்து குரலை எடுத்து எவனோ ஒரு கிராதகன் கம்ப்யூட்டர்ல செஞ்சது. ஆனா அது அப்ப யாருக்கும் தெரியாது. பொழுது சாயறதுக்குள்ள சபையே கேட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை சாரை மூப்பர் பதவியில இருந்து நீக்கப்போறாங்கன்னு சேதி வந்தது.

ஐயோ, நானே கொள்ளி வெச்சேனேன்னு கேசியா அந்த ஆடியோவை மறுபடி போட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. குரல் அவரோடதுதான், ஆனா என்னமோ இடிச்சது. நாலாவது தடவைதான் பிடிபட்டது. இவ்ளோ கோபத்துல ஒரு வார்த்தை கூட தெலுங்கு இல்லையே! சாருக்கு ஜெபம் தமிழு, பாசம் தமிழு. கோபம் வந்தா மட்டும் தெலுங்கு.

ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் எழுந்து நின்னா. முன் பெஞ்சுல சார் தலை குனிஞ்சு உக்காந்திருந்தார்.

"அந்த ஆடியோவை இங்க அனுப்பினது நான்தான். முழுசா கேக்காம அனுப்பிட்டேன். இங்க பாதிப்பேர் அந்த ஹாஸ்டல்ல வளந்தவங்க. சார் கிட்ட தமிழ்ல திட்டு வாங்கினவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க."

ஒரு கையும் எழும்பல. குடிபாலா இஸ்ரேல்தான் எழுந்தார். "மாங்கா திருடினேன்னு என்னை முக்கா மணி நேரம் நிக்க வெச்சித் திட்டினாரு. அம்புட்டும் தெலுங்கு. இது சார் பேசினது இல்ல."

சபையே சிரிச்சுது. ஆளாளுக்கு வாங்கின திட்டைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. நீக்கறதுக்கு எழுதி வெச்சிருந்த தாளை சபை போதகர் ஐயர் மடிச்சு பைபிளுக்குள்ள வெச்சுட்டார்.

கேசியா சார் எதிர்ல போய் நின்னா. "மன்னிச்சிருங்க சார்."

அவர் நிமிர்ந்தார். கண்ணு ரெண்டும் சிவந்திருந்தது. "ஏமே காடிதா! புத்தி உந்தா நீக்கு?"

கழுதை, புத்தி இருக்கான்னு கேட்டார். "இதான் சார், இதான் உங்க குரலு"ன்னு சொல்லிக்கினே கேசியா ஓன்னு அழுதா.